கூடையைக் கழித்து

சுவரில் அளவுகோல் வரைந்த பிறகுதான்
தரைக்கு டைல்ஸ் பதித்தார்கள்.
அன்றிலிருந்து டிக்கோயா கிளினிக்கில்
எல்லாப் பிள்ளைகளும்
இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டார்கள்.

எனக்கு இது தெரிய ஏழு மாதம் ஆனது.
தெரிந்த நாளில் முன்னே நின்றவன் கிஷோதரன், வயது பதினான்கு.
சுவர் சொன்னது நூற்று முப்பத்து மூன்று.
நான் எழுதியது நூற்று முப்பத்தொன்று.
"சும்மா குறைக்காதீங்க மிஸ்."

உயரம் எதற்கு என்று கேட்டான்.
வகுத்தல் கணக்கு, என்றேன்.
மேலே நீ. கீழே உன் இரத்தத்தில் கிடக்கும் கிரியேட்டினின்,
சதை உழைத்துத் தேய்ந்த தூள்.
சிறுநீரகம் அதைக் கூட்டி வெளியே தள்ளவேண்டும்;
தள்ளாவிட்டால் வீட்டுக்குள்ளேயே சேரும்.
உயரத்தைப் புள்ளி நான்கு ஒன்று மூன்றால் பெருக்கி
அந்தத் தூளால் வகுத்தால்
நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறாய் என்று
ஏறத்தாழத் தெரியும்.

"ஏறத்தாழவா?"

வேறு வழியும் பார்த்தோமே, மறந்துவிட்டதா?
ஒரு பகல், ஓர் இரவு, மூத்திரம் முழுவதையும்
ஐந்து லீட்டர் கேனில் பிடிக்கச் சொன்னேன்.
ஆறு வீட்டு லயத்துக்கு ஒரே கக்கூஸ்.
கேனைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தான்.
பரமேஸ்வரி அதைச் சாக்கில் சுற்றி
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள்.
மண்ணெண்ணெய் என்ன விலைக்குக் கிடைத்தது என்று
பக்கத்து சீட்காரர் கேட்டாராம்.
வந்து சேர்ந்த பிறகு இவன் மெல்லச் சொன்னான்,
பள்ளிக்கூடத்தில் இரண்டு தடவை போய்விட்டதை.
அத்தனையும் பேசினில் ஊற்றினோம்.

ஆகவே கணக்கு.
கிரியேட்டினின் புள்ளி ஏழு.
கல்குலேட்டரில் எழுபத்தேழு.

"நூத்துக்கா?" என்றாள் பரமேஸ்வரி.
பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவளின் வெளிச்சம் முகத்தில்.
நூற்றுக்கு இல்லை. தொண்ணூறுக்கு மேலே இருந்தால் நல்லது.
ஆனாலும் பயப்படுகிற அளவுக்கு
என்று ஆரம்பித்தேன்.

அவள் தாளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள்.
கொழுந்து மடுவத்தில் தினமும் தராசுக்கு முன் நிற்பவள்.
கூடைக்கு, சாக்குக்கு, மழை ஈரத்துக்கு என்று
கிலோ கிலோவாகக் கழிவதைப் பார்ப்பவள்.
இங்கே வந்ததில் இன்றைக்கும் ஒரு பேர் போயிற்று.
"இதுல எதையும் கழிக்கலையா மிஸ்?"

குத்தலாக இல்லை.
தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவன் மேல்கையைச் சுற்றிப் பிடித்தேன்.
என் பெருவிரலும் நடுவிரலும்
தொட்டுக்கொண்டன.

இத்தனை உயரப் பிள்ளைக்கு
இத்தனை சதை இருக்கும் என்று
நம்புகிறது இந்தச் சூத்திரம்.
காலையில் ரொட்டி, இரவில் மிச்ச ரொட்டி,
நடுவே சாயத் தண்ணி என்பது
அதைச் செய்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.
சதையில்லாத உடம்பில் தூள் எங்கிருந்து வரும்?
தூள் குறையக் குறைய விடை பெருக்கும்.
பட்டினி
சிறுநீரகத்துக்கு நற்சான்று எழுதிக் கொடுக்கும்.

டொக்டரின் கதவைத் தட்டினேன்.
இன்னொரு குழாய் இரத்தம்.
சதையை அவ்வளவாக நம்பாத சோதனை, சிஸ்டாட்டின்,
கண்டியில்தான் செய்வார்கள்.
ஐஸ் பெட்டி அம்பியூலன்ஸில்
யாரோ ஒருவரின் பிரசவ வலிக்குப் பக்கத்தில் இருந்து போனது.

பதினொரு நாள் கழித்து வந்தது.
ஐம்பத்தொன்று.
அதுவும் ஏறத்தாழத்தான்.

ஒரு மாத்திரை பாதியானது, ஒன்று புதிதாகச் சேர்ந்தது.
மாதம் ஒரு தடவை வரவேண்டும் என்றோம்.
மாதம் ஒரு பேர், என்று அவள் விரலை மடக்கியதை
நான் எங்கேயும் எழுதவில்லை.

சுவரைத் திருத்தச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறேன்.
பதில் வரும்வரை பென்சிலில் ஒரு குறிப்பு:
இரண்டைக் கழிக்கவும்.

நேற்று வந்தான்.
தானாகவே செருப்பைக் கழற்றிவிட்டு
சுவரோடு ஒட்டி நின்றான்.
"வளந்தா நம்பர் கூடுமா மிஸ்?"

குதிகால் தரையில் இல்லை.
குனிந்து, இரண்டு கையாலும்
மெல்லக் கீழே அமர்த்தினேன்.